தாளிலிருந்து லைடாருக்கு: அமெரிக்க வெள்ள வரைபடங்கள் மாறிய கதை

அமெரிக்காவில் ஒரே தெருவில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். முதல் வீட்டை வங்கிக் கடனில் வாங்குபவர் வெள்ளக் காப்பீடும் சேர்த்து எடுத்தே ஆக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வீட்டை இடித்துப் புதிதாகக் கட்டினால், முதலாமவர் தரைத்தளத்தை இன்ன மட்டத்துக்கு உயர்த்த வேண்டும் என்று நகராட்சி சொல்லும். இரண்டாமவரிடம் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். இருவரையும் பிரிப்பது ஒரு கோடு. ஃபெமா என்று சுருக்கமாக அழைக்கப்படும் கூட்டாட்சி அவசரகால மேலாண்மை முகமை வெளியிடும் வெள்ள வரைபடத்தில் அந்தக் கோடு இருக்கிறது.

கோட்டுக்கு உள்ளே இருப்பது, எந்த ஓர் ஆண்டிலும் வெள்ளம் சூழ 1 சதவீதமாவது வாய்ப்புள்ள நிலம். இதைத்தான் 'நூறாண்டு வெள்ளம்' என்று பேச்சுவழக்கில் சொல்கிறார்கள். நூறு வருஷத்துக்கு ஒருமுறைதானே என்று பலரும் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் 30 ஆண்டு வீட்டுக் கடனை அடைத்து முடிப்பதற்குள் அப்படிப்பட்ட வெள்ளம் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதாவது நான்கில் ஒன்று.

இவ்வளவு பெரிய முடிவுகளைச் சுமக்கும் கோட்டை எந்த அளவீட்டை வைத்து, எந்த வருஷத்தில் போட்டார்கள் என்று யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் அந்த நாட்டின் வெள்ள வரைபடங்கள் தாளிலிருந்து கணினிக்கு மாறிவிட்டன. என் பார்வையில் அது வேலையின் சுலபமான பாதி. தரையை மறுபடி அளப்பதும், அளந்ததைப் பழசாகவிடாமல் பார்த்துக்கொள்ள உள்ளூர் ஆட்களைக் கூட்டாளிகளாகச் சேர்ப்பதும்தான் கஷ்டமான பாதி. அது இன்னும் முடியவில்லை.

வரைபடம் எதற்காக வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். 1965இல் பெட்ஸி சூறாவளி நியூ ஆர்லியன்ஸைப் புரட்டிப் போட்டது. வெள்ளச் சேதத்துக்குத் தனியார் காப்பீடு கிட்டத்தட்ட கிடைக்காத காலம் அது. ஒவ்வொரு வெள்ளத்துக்கும் அரசு நிவாரணம் கொடுத்துக்கொண்டே இருப்பது சரிப்படாது என்ற பேச்சு வலுத்தது. புவியியல் அறிஞர் கில்பர்ட் வைட் தலைமையிலான குழு 1966இல் ஓர் அறிக்கை கொடுத்தது. வெள்ளச் சேதத்தில் பெரும்பகுதி மனிதர்கள் ஆற்றின் இடத்தில் போய்க் குடியேறுவதால் வருவது என்பது வைட் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த கருத்து. 1968இல் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் சட்டமானது. ஏற்பாடு எளிமையானது: ஒரு நகராட்சி தன் வெள்ளச் சமவெளியில் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்த ஒப்புக்கொண்டால், அங்கே வசிப்பவர்களுக்கு அரசு ஆதரவுடன் காப்பீடு கிடைக்கும்.

ஆரம்பத்தில் காப்பீடு எடுத்தவர்கள் ரொம்பக் குறைவு. 1972இல் ஆக்னஸ் சூறாவளி பென்சில்வேனியாவை மூழ்கடித்தபோது அது பளிச்சென்று தெரிந்தது. அடுத்த ஆண்டே சட்டத்தை இறுக்கினார்கள். அபாயப் பகுதியில் உள்ள வீட்டுக்குக் கூட்டாட்சி ஆதரவு பெற்ற கடன் வேண்டுமென்றால் காப்பீடு கட்டாயம் என்று 1973ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. உடனே நாடு முழுக்க வரைபடம் தேவைப்பட்டது. அதுவும் அவசரமாக.

அவசரத்தில் வரைந்தது அவசரத்தில் வரைந்ததாகவே இருந்தது. பல ஊர்களுக்கு நில அளவைத் துறையின் பழைய இடக்கிடப்பியல் தாள்களை விரித்து, அவற்றில் இருந்த சமவுயரக் கோடுகளை (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகளை) பின்பற்றி வெள்ள எல்லையை உத்தேசமாக வரைந்தார்கள். பத்தடி இடைவெளியில் சமவுயரக் கோடு உள்ள தாளில், சோதித்துப் பார்க்கும் புள்ளிகளில் பத்தில் ஒன்பது, பாதி இடைவெளிக்குள் சரியாக இருந்தால் போதும் என்பதுதான் அன்றைய தேசியத் தரம். அதாவது ஐந்தடி முன்னே பின்னே இருந்தாலும் அது 'சரியான' தாள்தான்.

ஐந்தடி பிழை என்ன செய்யும்? நூறடிக்கு ஓரடி சரியும் நிலத்தில், உயரத்தில் ஓரடி பிசகினால் வெள்ள எல்லை நூறடி நகர்ந்துவிடும். ஆயிரம் அடிக்கு ஓரடி மட்டுமே சரியும் கடலோரச் சமவெளியில் அதே ஓரடிப் பிழை எல்லையை ஆயிரம் அடி தள்ளிவிடும். ஐந்தடி என்றால் கிட்டத்தட்ட ஒரு மைல். அந்த ஒரு மைலுக்குள் எத்தனை தெருக்கள், எத்தனை வீடுகள்! எங்கே தரை தட்டையோ அங்கேதான் வெள்ளம் பரவும். அங்கேதான் பழைய தாள்கள் மிக மோசமாகக் கைவிட்டன.

ஒரு வெள்ளக் கோட்டைப் போட மூன்று கணக்குகள் வேண்டும். ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது முதலாவது. ஆற்றங்கரை அளவை நிலையங்களில் பல ஆண்டுகளாகப் பதிவான உச்ச நீரோட்டங்களை வைத்துப் புள்ளியியல் முறையில் அதைக் கணக்கிடுகிறார்கள். அந்தத் தண்ணீர் எந்த உயரத்துக்கு ஏறும் என்பது இரண்டாவது. ஆற்றின் குறுக்குவெட்டு, படுகையின் சொரசொரப்பு, பாலங்கள், சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் கல்வெர்ட்டுகள் எல்லாவற்றையும் உள்ளிட்டு மென்பொருள் வழியே அதைக் கண்டுபிடிக்கிறார்கள். ராணுவப் பொறியாளர் படையின் நீரியல் மையம் உருவாக்கிய ஹெக்-ராஸ் என்ற இலவச மென்பொருள்தான் இங்கே பரவலாக ஓடுகிறது. மூன்றாவது, அந்த உயரத்துக்கு ஏறிய தண்ணீர் தரையில் எங்கே போய் முட்டி நிற்கும் என்பது. இதற்குத் தரையின் உயரம் துல்லியமாகத் தெரிய வேண்டும். முதல் இரண்டு கணக்குகளை என்னதான் நுட்பமாகப் போட்டாலும், மூன்றாவது ஆட்டம் கண்டால் கோடு தப்பான வீட்டில்தான் போய் நிற்கும்.

1990களின் கடைசியில் நிலைமை என்னவென்றால், நாட்டில் ஏறத்தாழ ஒரு லட்சம் வரைபடத் தாள்கள் இருந்தன. அவற்றில் பாதிக்கும் மேல் பத்தாண்டுக்கும் பழையவை. இடைப்பட்ட காலத்தில் காடும் வயலும் இருந்த இடத்தில் வணிக வளாகங்களும் வண்டி நிறுத்துமிடங்களும் வந்துவிட்டன. மண் உறிஞ்சிக்கொண்டிருந்த மழைநீர் முழுவதும் தார்மேல் வழிந்து நேரே ஓடைக்குப் போனது. வரைபடம் மட்டும் பழைய ஓடையையே காட்டியது. ஒரு வீடு எந்த மண்டலத்தில் இருக்கிறது என்று பார்க்க, அதிகாரி சரியான தாளைத் தேடி எடுத்து, தெருப் பெயர்கள் பாதி இல்லாத அந்தத் தாளில் அளவுகோல் வைத்து அளக்க வேண்டியிருந்தது. கோட்டின் தடிமனே தரையில் பல அடி அகலம்.

ஃபெமா 1997இலேயே நவீனமாக்கும் திட்டத்தைத் தயாரித்துவிட்டது. பணம் 2003இல்தான் வந்தது. அந்த ஆண்டு தொடங்கி 2008 வரை, நாடாளுமன்றம் ஆண்டுக்குச் சுமார் 20 கோடி டாலர் வீதம் 100 கோடி டாலருக்கும் மேல் ஒதுக்கியது. நாட்டின் வெள்ள வரைபடங்கள் அனைத்தையும் கணினி வடிவத்துக்குக் கொண்டுவந்து, யாரும் இணையத்தில் பார்க்கும்படி செய்வதுதான் இலக்கு.

இங்கேதான் ஒரு சிக்கல் முளைத்தது. ஒரு வரைபடத்தைக் கணினிக்குக் கொண்டுவர இரண்டு வழிகள் உண்டு. புதிதாகத் தரையை அளந்து, புதிதாக நீரியல் கணக்குப் போட்டு வரையலாம். இல்லாவிட்டால் பழைய தாளை ஸ்கேன் செய்து, பழைய கோட்டைப் புதிய வான்வழிப் படத்தின் மேல் ஒட்டிவிடலாம். முதல் வழிக்குச் செலவு பல மடங்கு. 100 கோடி டாலரில் நாடு முழுவதற்கும் முதல் வழி கட்டுப்படியாகாது. அதனால் பல இடங்களில் இரண்டாவது வழியில்தான் போனார்கள். பளபளப்பான வான்வழிப் படத்தில் வீட்டின் கூரை வரை தெளிவாகத் தெரியும். அதன் மேல் 1978இல் உத்தேசமாகப் போட்ட கோடு ஓடும். படம் துல்லியமாக இருப்பதால் கோடும் துல்லியம் என்று பார்ப்பவர் நம்பிவிடுவார். பழைய மங்கலான தாளாவது தன் வயதை மறைக்கவில்லை. இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் பெரிய மனக்குறை இதுதான்.

ஊர் நிர்வாகங்களிடமிருந்தும் நிபுணர்களிடமிருந்தும் புகார் குவிந்ததும், 2006இல் ஃபெமா பாதி வழியில் திசையைத் திருத்தியது. நிலப்பரப்பு முழுவதையும் பிடிக்க முயல்வதை விட்டுவிட்டு, மக்கள் அதிகம் வசிக்கும் இடங்களில் கோட்டின் தரத்தைக் கூட்டுவது என்று முடிவானது. கோடு தரையின் உயரத்தோடு பொருந்துகிறதா என்று சோதிக்க ஒரு தரவிதியும் வந்தது. திட்டம் முடியும்போது மக்கள்தொகையில் 92 சதவீதத்தினருக்குக் கணினி வரைபடம் கிடைத்திருந்தது. பார்த்தால் பெரிய வெற்றி. ஆனால் தேசிய ஆய்வுக் குழுமம் 2009இல் வெளியிட்ட அறிக்கை இன்னொரு எண்ணைச் சொன்னது: தரவுத் தரத்துக்கான அளவுகோல்களை முழுதாக எட்டிய வரைபடங்கள் மக்கள்தொகையில் 21 சதவீதத்தினருக்குத்தான் இருந்தன. 92க்கும் 21க்கும் நடுவே இருக்கும் இடைவெளிதான், திரைக்கு மாறுவதற்கும் தரையை அளப்பதற்கும் உள்ள இடைவெளி.

வேறு மாதிரி செய்ய முடியும் என்று காட்டியது வட கரோலினா மாநிலம். 1999 செப்டம்பரில், டென்னிஸ் சூறாவளியின் மழையில் ஏற்கெனவே நனைந்து ஊறியிருந்த கிழக்கு வட கரோலினாவை ஃபிளாய்ட் சூறாவளி தாக்கியது. டார் ஆறு பொங்கியது. 1885இல் கறுப்பின மக்கள் தங்களுக்கென்று சட்டப்படி அமைத்துக்கொண்ட பிரின்ஸ்வில் ஊர், தடுப்புக் கரையைத் தாண்டி வந்த தண்ணீரில் நாள்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. வெள்ளம் வடிந்ததும் மாநில அரசு தன் வரைபடங்களை எடுத்துப் பார்த்தது. பாதிக்கும் மேற்பட்டவை பத்தாண்டுக்கும் பழையவை. ஃபெமாவின் வழக்கமான வேகத்தில் அவற்றைப் புதுப்பிக்கப் பல தலைமுறைகள் ஆகும் என்பதும் தெரிந்தது.

ஃபெமா அப்போதுதான், 1999இல், 'ஒத்துழைக்கும் தொழில்நுட்பக் கூட்டாளிகள்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தது. மாநிலங்கள், கவுன்டிகள் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகள்), வட்டார வெள்ளக் கட்டுப்பாட்டு அமைப்புகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவை ஃபெமாவுடன் ஒப்பந்தம் போட்டு, தங்கள் பகுதி வரைபட வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யலாம். 2000இல் வட கரோலினா மாநில அளவில் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்ட முதல் மாநிலம் ஆனது. மாநிலச் சட்டமன்றமும் பணம் போட்டது. பழைய கோட்டை நகலெடுப்பதில்லை என்று ஆரம்பத்திலேயே தீர்மானித்தார்கள். ஆற்றுப் படுகை வாரியாக மாநிலத்தைப் பிரித்துக்கொண்டு, தரை முழுவதையும் லைடார் என்ற லேசர் அளவீட்டு முறை கொண்டு அளந்தார்கள்.

லைடார் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்பது நல்லது. ஒரு சிறிய விமானம் வரிசை வரிசையாக, ஒரு வரிசையின் ஓரம் அடுத்ததன் மேல் படியும்படி பறக்கிறது. அதன் வயிற்றில் உள்ள கருவி நொடிக்கு லட்சக்கணக்கான லேசர் துடிப்புகளைக் கீழே அனுப்பி, அவை திரும்பிவர ஆகும் நேரத்தை அளக்கிறது. விமானம் அந்தக் கணத்தில் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருந்தது என்பதை ஜிபிஎஸ்ஸும் சாய்வுமானியும் பதிவு செய்கின்றன. ஒரே துடிப்பின் ஒரு பகுதி மர உச்சியிலும், ஒரு பகுதி கிளையிலும், மிச்சம் இலைகளின் இடுக்கு வழியே இறங்கித் தரையிலும் பட்டுத் திரும்பும். அதனால்தான் இலை உதிர்ந்த பருவத்தில் பறக்கிறார்கள். பிறகு கணினியில் மரத்தையும் கட்டடத்தையும் நீக்கி வெறும் தரையைப் பிரித்தெடுக்கிறார்கள்.

அதோடு முடிந்துவிடாது. வானத்திலிருந்து பார்த்தால் பாலம் என்பது ஆற்றின் குறுக்கே கிடக்கும் மண்மேடு மாதிரித்தான் தெரியும். அதை எடுக்காமல் விட்டால் கணினி அங்கே ஓர் அணை இருப்பதாக நினைத்து, தண்ணீரைப் பின்னால் தேக்கி, இல்லாத வெள்ளத்தைக் காட்டும். ஆகவே பாலத்தின் தளத்தைத் தரவிலிருந்து நீக்க வேண்டும். சாலைக்கு அடியில் போகும் கல்வெர்ட்டுகளுக்கு வழி திறந்துவிட வேண்டும். வழக்கமான லேசர் தண்ணீருக்குள் ஊடுருவாது. ஆகவே ஆற்றின் அடித்தளத்தை அறிய இன்றும் ஆட்கள் இடுப்பளவு நீரில் இறங்கி அளவைக் கோல் பிடிக்கிறார்கள், இல்லையென்றால் படகில் ஒலிமானி வைத்து அளக்கிறார்கள். எந்தச் சாலைக்கு அடியில் குழாய் இருக்கிறது, அதில் எது பாதி அடைத்துக்கொண்டது என்பதெல்லாம் ஊர்ப் பொதுப்பணித் துறையில் இருப்பவருக்குத்தான் தெரியும். வாஷிங்டனில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்? கூட்டாண்மை என்பதை நான் செலவைப் பங்கு போடும் ஏற்பாடாக மட்டும் பார்க்காததற்கு இதுதான் காரணம்.

வட கரோலினாவின் அனுபவம் நாடு தழுவிய வாதத்துக்கு வலு சேர்த்தது. தேசிய ஆய்வுக் குழுமத்தின் 2007ஆம் ஆண்டு அறிக்கை, நாடு முழுவதுக்கும் இருந்த நில உயரத் தரவின் சராசரி வயது 35 ஆண்டுக்கும் மேல் என்று சுட்டிக்காட்டி, அனைத்தையும் லைடாரில் மறுபடி அளக்கச் சொன்னது. 2009 அறிக்கை வட கரோலினாவை மாதிரியாக எடுத்துக் கணக்குப் போட்டு, துல்லியமான தரை அளவீட்டுக்கு ஆகும் செலவைவிட அதனால் வரும் நன்மை அதிகம் என்று காட்டியது. இதன் தொடர்ச்சியாக வந்ததுதான் நில அளவைத் துறை நடத்தும் முப்பரிமாண உயரத் தரவுத் திட்டம். ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது இரண்டு புள்ளிகள், உயரப் பிழை 10 சென்டிமீட்டர் அளவில் என்பது அதன் அடிப்படைத் தரம். ஐந்தடிப் பிழையை ஏற்றுக்கொண்ட காலத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! வெள்ளத்துக்கு ஃபெமா, விவசாயத்துக்கு வேளாண் துறை, நிலச்சரிவுக்கும் சாலைக்கும் மாநிலங்கள் என்று ஆளுக்கொரு பங்கு போட்டு ஒரே பறப்பில் அளக்கிறார்கள். அந்தத் தரவு எல்லோருக்கும் இலவசம்.

புது அளவீட்டையும் பழைய வரைபடத்தையும் ஒன்றாகச் சேர்க்கும்போது ஒரு பழைய பூதம் கிளம்பியது. பழைய வரைபடங்கள் உயரத்தை 1929ஆம் ஆண்டு அடிமட்டத்திலிருந்து, அதாவது உயரம் பூஜ்யம் என்று அப்போது வைத்துக்கொண்ட மட்டத்திலிருந்து, அளந்தவை. புதியவை 1988ஆம் ஆண்டு அடிமட்டத்தைப் பின்பற்றுபவை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். அட்லாண்டிக் கரையில் ஏறத்தாழ ஓரடி ஒரு பக்கம். கொலராடோ மலைப்பகுதியில் மூன்றடி அளவுக்கு மறு பக்கம். இதைக் கவனிக்காமல் ஒரு வீட்டின் தரைமட்டத்தை ஒரு கணக்கிலும் வெள்ள மட்டத்தை இன்னொரு கணக்கிலும் எடுத்தால், பாதுகாப்பான வீடு மூழ்கும் வீடாகும். மூழ்கும் வீடு பாதுகாப்பானதாகும்.

தடுப்புக் கரைகள் விஷயத்தில் இன்னும் பெரிய புயல். பழைய வரைபடங்களில் பல கரைகள் நம்பத்தக்கவை என்று எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தன. புதுப்பிக்கும்போது 'இந்தக் கரை 1 சதவீத வெள்ளத்தைத் தாங்கும் என்பதற்கு ஆவணம் காட்டுங்கள்' என்று ஃபெமா கேட்டது. பல ஊர்களிடம் ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாவிட்டால், அந்தக் கரையே இல்லாததுபோல் வைத்து வரைவது விதி. கரைக்குப் பின்னால் இருந்த ஊர்கள் முழுசாக அபாயப் பகுதிக்குள் வந்துவிட, எதிர்ப்பு நாடாளுமன்றம் வரை போனது. 2011இல் ஃபெமா அந்த முறையைக் கைவிட்டது. அப்புறம் 2013இல், ஒவ்வொரு கரையும் எந்த அளவுக்குத் தாங்கும் என்று பகுதி பகுதியாக ஆராயும் புது நடைமுறை வந்தது. சரியான மாற்றம்தான். பாதி பலம் உள்ள கரையை முழுசாக நம்புவதும் தப்பு, அடியோடு இல்லை என்பதும் தப்பு.

கூட்டாளிகளில் டெக்சஸின் ஹாரிஸ் கவுன்டியைச் சொல்லாமல் விட முடியாது. ஹூஸ்டன் நகரம் அதற்குள்தான் இருக்கிறது. 2001 ஜூனில் அலிசன் புயல் அங்கே சுமார் 73,000 வீடுகளை மூழ்கடித்தது. அதையடுத்து கவுன்டியின் வெள்ளக் கட்டுப்பாட்டு மாவட்டமும் ஃபெமாவும் சேர்ந்து கவுன்டி முழுவதையும் லைடாரில் அளந்து, ஒவ்வோர் ஓடைக்கும் புது மாதிரிகள் உருவாக்கின. வரைபடங்கள் 2007இல் நடைமுறைக்கு வந்தன. வட கரோலினாவின் சார்லட் நகரும் அதைச் சுற்றியுள்ள மெக்லன்பர்க் கவுன்டியும் இன்னொரு படி மேலே போயின. இன்றைக்கு உள்ள நிலப் பயன்பாட்டை மட்டும் வைத்து வரையாமல், காலியாக உள்ள இடமெல்லாம் கட்டடமானால் வெள்ளம் எவ்வளவு உயரும் என்றும் கணக்கிட்டு, அந்த எதிர்காலக் கோட்டையும் கட்டுமான அனுமதிக்குப் பயன்படுத்தின. மோசமான இடங்களில் உள்ள வீடுகளை விலைக்கு வாங்கி இடித்து, நிலத்தை ஓடைக்கே திருப்பிக் கொடுத்தன. 400க்கும் மேற்பட்ட கட்டடங்கள் இப்படிப் போயிருக்கின்றன. கூட்டாட்சி விதி இதையெல்லாம் கேட்கவில்லை. வரைபடம் தங்களுடையது என்று நினைத்ததால் செய்தார்கள்.

ஆனால் உள்ளூர்க்காரர் கையில் வரைகோல் இருப்பதில் ஆபத்தும் உண்டு. கோடு விரிந்தால் சொத்து மதிப்பு குறையும், பிரீமியம் ஏறும், அடுத்த தேர்தலில் அது பேச்சாகும். இதற்காகவே சட்டத்தில் 90 நாள் மேல்முறையீட்டுக் காலம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்று சொன்னால் போதாது. அறிவியல் முறையிலோ தொழில்நுட்ப முறையிலோ வரைபடம் தவறு என்று தரவோடு காட்ட வேண்டும். இழுபறி என்றால் சுதந்திரமான நிபுணர் குழுவிடம் போகலாம்.

நியூயார்க் நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2012இல் சாண்டி சூறாவளி தாக்கியபோது, அங்கே நடைமுறையில் இருந்த வரைபடத்தின் அடிப்படை ஆய்வு 1983ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஃபெமா 2015இல் புதிய வரைவை வெளியிட்டது. புயல் அலையின் உயரத்தைச் சில இடங்களில் இரண்டடி வரை கூட்டிக் காட்டியிருக்கிறார்கள் என்று நகர நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. 2016 அக்டோபரில் ஃபெமா அதை ஏற்றுக்கொண்டு மறுபடி வரையச் சம்மதித்தது. அதுவரை காப்பீட்டுக்குப் பழைய வரைபடம். கட்டட விதிகளுக்கு, பழையதிலும் வரைவிலும் எது கடுமையோ அது. நகரம் எதிர்த்தது தரவை வைத்து, அதனால் அதன் வாதத்தை மதிக்கிறேன். ஆனாலும் சாண்டியில் வீடிழந்த ஊரில் காப்பீட்டுக் கட்டாயம் இத்தனை காலம் பழைய கோட்டிலேயே நிற்பது கவலை தருகிறது. அந்த உடன்பாட்டில் ஒரு நல்ல விஷயமும் உண்டு: இன்றைய அபாயத்தைக் காட்டும் வரைபடம் காப்பீட்டுக்கு, கடல்மட்ட உயர்வையும் சேர்த்த வரைபடம் திட்டமிடலுக்கு என்று இரண்டு வரைவது.

2009இல் ஃபெமாவின் ரிஸ்க் மேப் என்ற அடுத்த வரைபடத் திட்டம் வந்தது. கோட்டோடு சேர்த்து, வெள்ளம் எத்தனை அடி ஆழம், எவ்வளவு சேதம் என்று காட்டும் அடுக்குகளும் இதில் உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒவ்வோர் ஆய்வும் இன்னும் செல்லுமா என்று சரிபார்க்க வேண்டும். 80 சதவீதம் தேற வேண்டும் என்பது இலக்கு. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கைப் பிரிவு 2017இல் பார்த்தபோது, தேறியது 42 சதவீதம்தான். சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு பக்கம் புதுப்பிக்கப் புதுப்பிக்க, மறு பக்கம் பழசாகிக்கொண்டே வருகிறது. நாட்டில் சுமார் 35 லட்சம் மைல் நீளத்துக்கு ஓடைகளும் ஆறுகளும் ஓடுகின்றன. வரைபடம் ஏறியது அதில் மூன்றில் ஒரு பங்கு. வெள்ளச் சமவெளி மேலாளர்களின் தேசியச் சங்கம் 2020இல் போட்ட மதிப்பீட்டின்படி, மிச்சத்தையும் முடிக்க 320 கோடி முதல் 1,180 கோடி டாலர் வரை ஆகும். அதன் பின் பராமரிப்புக்கு மட்டும் ஆண்டுக்கு 10.7 கோடி முதல் 48 கோடி டாலர்.

கோடு முழுக்கச் சரியாகவே இருந்தாலும் அது சொல்லாமல் விடுவது நிறைய. 2017இல் ஹார்வி சூறாவளி ஹாரிஸ் கவுன்டியில் ஏறத்தாழ 1,54,000 வீடுகளுக்குள் தண்ணீரைக் கொண்டுவந்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 1 சதவீதக் கோட்டுக்கு வெளியே இருந்தவை. அலிசனுக்குப் பிறகு அவ்வளவு அக்கறையோடு வரைந்த அதே ஊரில்தான் இப்படி. ஹார்வி கொட்டிய மழை நூறாண்டுக் கணக்கை எங்கோ தாண்டியது என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஃபெமா வரைபடம் காட்டுவது ஆறும் ஓடையும் கடலும் பொங்கி வரும் வெள்ளத்தை. வடிகால் திணறித் தெருவில் தேங்கி வீட்டுக்குள் புகும் மழைநீரைப் பெரும்பாலும் அது காட்டாது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட ஒரு குழு 2018இல், சிற்றோடைகளையும் மழைநீர்த் தேக்கத்தையும் சேர்த்து நாடு முழுக்கக் கணக்கிட்டது. 1 சதவீத வெள்ளத்துக்குள் வசிப்பவர்கள் 4.1 கோடிப் பேர் என்று வந்தது. ஃபெமா வரைபடங்களை வைத்துக் கணக்கிட்டால் 1.3 கோடிதான்.

மழையின் கணக்கும் மாறிவிட்டது. தேசியக் கடல், வளிமண்டல முகமை 2018இல் டெக்சஸுக்கான மழை அட்டவணையைத் திருத்தியபோது, ஹூஸ்டனில் ஒரே நாளில் பெய்யக்கூடிய நூறாண்டு மழை 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக உயர்ந்தது. அந்த எண்ணை வைத்து ஹாரிஸ் கவுன்டி மீண்டும் ஃபெமாவுடன் சேர்ந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து வரையத் தொடங்கியது.

ஆகவே ஒற்றைக் கோட்டை நம்பியிருக்கும் முறையே மெல்ல மாறுகிறது. 2021 அக்டோபர் முதல், பிரீமியத்தை மண்டலத்தை வைத்து நிர்ணயிப்பதை ஃபெமா நிறுத்திவிட்டது. ஒவ்வொரு வீட்டின் உயரம், தண்ணீரிலிருந்து தூரம், எத்தனை வகை வெள்ளம் அங்கே வரும் என்பதையெல்லாம் பார்த்துக் கட்டணம் கணக்கிடுகிறார்கள். காப்பீடு கட்டாயமா இல்லையா என்பதை மட்டும் இன்னமும் அந்தக் கோடுதான் சொல்கிறது. இந்த முரண்பாடு நீண்ட நாள் தாங்காது என்றே நினைக்கிறேன்.

நம்பிக்கை தரும் வேலை, பெரிய நகரங்களைவிடச் சின்ன ஊர்களில்தான் நடக்கிறது. பழைய வரைபடங்களில் அபாயப் பகுதி என்பதைக் குறிக்க 'ஏ மண்டலம்' என்று மட்டும் போட்டு, வெள்ள மட்டம் எத்தனை அடி என்ற எண்ணே இல்லாமல் விட்ட கிராமப்புற ஓடைகள் ஏராளம். அங்கே ஒருவர் வீடு கட்ட அனுமதி கேட்டு வந்தால், தரைத்தளத்தை எவ்வளவு உயர்த்தச் சொல்வது என்று அனுமதி தரும் அலுவலருக்கே தெரியாது. ஃபெமா, நில அளவைத் துறை, ராணுவப் பொறியாளர் படை, வானிலைச் சேவை ஆகியவை சேர்ந்து இயங்கும் குழு ஒன்று டெக்சஸையும் அண்டை மாநிலங்களையும் உள்ளடக்கிய வட்டாரத்தில் இதற்கு ஒரு வழி கண்டது. லைடார் தரையின் மேல் கணினியில் மழையைப் பெய்யவிட்டு, ஒரு படுகை முழுவதற்கும் ஒரே மூச்சில் வெள்ள மட்டத்தைக் கணக்கிடுகிறார்கள். ஒவ்வோர் ஓடையிலும் ஆள் இறங்கி அளந்த ஆய்வுக்கு இது ஈடாகாது. பல கல்வெர்ட்டுகள் கணக்கில் இருக்காது. ஆனால் வெற்றிடமாக இருந்த இடத்தில் ஓர் எண் வந்துவிடுகிறது. அலுவலர் இணையத்தில் வரைபடத்தைத் திறந்து, மனையின் மேல் சொடுக்கினால், உத்தேச வெள்ள மட்டமும் தண்ணீரின் ஆழமும் போட்ட அறிக்கை வந்து நிற்கிறது. வீடு கட்ட வந்தவரிடம் அவர் அதை அச்செடுத்துக் கையில் கொடுக்கலாம்.